கருப்பு அட்டையில் எழுந்த புகை

2007-ஆம் ஆண்டு. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நானும் என் கணவரும் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தோம். கெட்டுப்போன டிவிடி ரைட்டர்கள் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். அவற்றுக்குள் இருக்கும் லேசரை வைத்துக் காகிதம் வெட்டலாம் என்று இணையத்தில் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

இரண்டு ரைட்டர்களைப் பிரித்தேன். ஒன்றின் மோட்டார் காகிதத்தை முன்னும் பின்னும் நகர்த்தும். மற்றொன்றின் மோட்டார் லேசரைப் பக்கவாட்டில் நகர்த்தும். அரிசி மணி அளவு லேசர், அதன் முன்னால் ஒரு குட்டி லென்ஸ், அவ்வளவுதான். வெள்ளைத் தாளில் சிவப்புப் புள்ளி விழுந்ததோடு சரி. அதே இடத்தில் பேனாவால் கருப்பாகத் தீட்டிவிட்டு வைத்தேன். சட்டென்று புகை! வெள்ளைத் தாள் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, கருப்பு அதை வாங்கிச் சூடாகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"டார்ச் லைட்டு வெளிச்சம் ஏங்க இப்படிச் சுட மாட்டேங்குது?" என்று கணவரிடம் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "தேர் பாக்க வந்த கூட்டம் ஆளுக்கொரு பக்கம் போனா தேர் நகருமா? எல்லாரும் ஒரே மூச்சா வடத்த இழுக்கணும்ல? இதுல வெளிச்சம் அத்தனையும் ஒண்ணா சேந்து ஒரே பக்கமா போவுது."

மறுநாள் வேலையாக அரியலூர் போனவர், வெட்டிப் பார்க்கக் கருப்பு அட்டை வாங்கிக்கொண்டு மதியம் திரும்பினார். அந்த நேரம் பார்த்து லேசர் எரியவில்லை. எந்த வயரை அசைத்தும் பயனில்லை. போய்விட்டது என்றே முடிவுகட்டி, அதைக் கையில் எடுத்து லென்ஸுக்குள் எட்டிப் பார்க்கக் குனிந்தேன்.

"ஏய், பாக்காத!"

வாசலிலிருந்து பாய்ந்து வந்தவர் அட்டையை என் முகத்துக்கும் லென்ஸுக்கும் நடுவே செருகினார். அந்த ஆட்டத்தில் விட்டுப்போயிருந்த வயர் ஒட்டிக்கொண்டது போலும். அட்டையிலிருந்து மெல்லிய புகை எழுந்தது.

இணைப்பைப் பிடுங்கிவிட்டு, அட்டையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஊசி முனை அளவு ஓட்டை.

"ஒன் கண்ணுல விழுந்திருக்க வேண்டியது புள்ள இது" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

பயந்துபோய்க் கொஞ்ச நாள் அதைத் தொடவே இல்லை. ஆனால் ஆசை விடவில்லை. மூடியைத் திறந்தாலே கரண்ட் நின்றுவிடும்படி தகரப் பெட்டி செய்து, அதற்குள் எல்லாவற்றையும் வைத்தோம். முதலில் வெட்டி எடுத்தது ஓர் அரச இலை. ஓரமெல்லாம் கருகியிருந்தது, இருவரும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சிரித்தோம்.

எரியாமல் இருப்பது வேறு, அணைந்திருப்பது வேறு. இன்றும் எதைப் பிரிக்க உட்கார்ந்தாலும் என் கை முதலில் பிளக்கைப் பிடுங்குகிறது. அப்புறம்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று மனசு கேட்கிறது.