வேளாங்கண்ணி பஸ்ஸுக்குத் தூக்கிய கை

“…என்னைப் பத்தித்தானே எழுதி வச்சிருக்கீங்க, உபதேசியாரே. பக்கத்து வீட்டுக்காரங்க அட்டையையா கேட்டேன்?” என்றாள் என் தோழி.

பங்குக் கோயில் அலுவலகத்தில், சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கும் உபதேசியார் பீரோவை மறைத்துக்கொண்டு நின்றார். சாவி அவர் இடுப்பில் இருந்தது. “குடும்ப அட்டையெல்லாம் சாமியார்தான் பாப்பாரு, டீச்சரம்மா. வந்தவங்களுக்கெல்லாம் எடுத்து நீட்ட இது என்ன ரேஷன் கார்டா?”

“ரேஷன் கார்டாவது எங்க வீட்ல இருக்குங்க. இது உங்க பீரோவுலல்ல இருக்கு.”

எழுபதுகளின் கடைசி அது. அவள் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். யாருக்கு எப்போது ஞானஸ்நானம், யார் பூசைக்கு வருவதில்லை என்று வீட்டுக்கு ஓர் அட்டை கோயிலில் இருக்கும். எங்கள் கத்தோலிக்க ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை ஊர்ச் சாமியார் பெண் ஊர்ச் சாமியாருக்கு எழுதிக் கேட்பார். இவர் அட்டையைப் பார்த்துப் பதில் போடுவார். அந்தப் பதிலோடு சரி, அதற்கு மேல் யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

அவளுக்கு வந்த இடமெல்லாம் காரணம் சொல்லாமலே நின்றுபோயின. ஜாதகம் பார்க்காத வீட்டில் இருந்துகொண்டு அவள் அம்மா கிரகங்களைத் திட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக லால்குடி வாத்தியார். விடைத்தாள் திருத்தப் போன இடத்தில் பார்த்தவர். அவர் பேசியது கொஞ்சம்தான். அதை அவள் என்னிடம் சொல்லிச் சொல்லித் தேய்த்திருந்தாள். அந்த வீட்டிலிருந்தும் பேச்சு மூச்சு இல்லை.

காந்தி மார்க்கெட்டில் எங்களுக்கு வாழைக்காய் மண்டி. வாத்தியாரின் சித்தப்பா அங்கேதான் தார் கொண்டுவந்து போடுவார். மெல்ல அவர் வாயைக் கிளறினேன்.

“அது மடத்துக்குப் போற புள்ளையாமே. உங்க பழைய சாமியாரே எழுதிட்டாரு. ஆண்டவருக்குன்னு எடுத்து வச்சதுல நாங்க எப்படிம்மா கை வைக்கிறது?” என்றார், படையலுக்கு ஒதுக்கிய சீப்பைப் பற்றிப் பேசுகிறவர்போல.

அதை நான் போய்ச் சொன்ன மறு சனிக்கிழமைதான் இருவரும் கோயிலுக்கு வந்து நின்றோம்.

சத்தம் கேட்டுச் சாமியார் உள்ளேயிருந்து வந்தார். மாற்றலாகி வந்து கொஞ்ச காலமே ஆனவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “எடுங்க, பாக்கட்டும்” என்றார். உபதேசியார் மனசில்லாமல் சாவியை எடுத்தார்.

அவள் பெயருக்கு நேரே பழைய சாமியாரின் கையெழுத்து, சிவப்பு மையில். வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில் அவள் வாசித்தாள்: “துறவற அழைத்தல் உண்டு.”

“இல்லையாம்மா? பள்ளிக்கூடத் தியானத்துல, மடத்துக்குப் போறது யாருன்னு பழைய சாமியார் கேட்டப்ப நீ கை தூக்கலையா?” என்றார் உபதேசியார்.

அவள் சாமியார் பக்கம் திரும்பினாள். “தூக்குனேன் சாமி. தூக்குனவங்களுக்குத்தான் வேளாங்கண்ணி பஸ்ல இடம்னாங்க. வகுப்பே தூக்குச்சு.”

சாமியார் திரும்பிப் பீரோவை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “அப்ப மத்த புள்ளைங்க அட்டையில?”

“அதுல ஒண்ணும் இல்லீங்க. பழைய சாமி இந்தப் பொண்ணை மட்டுந்தான் நம்புனாரு” என்றார் உபதேசியார். அதைச் சொல்லும்போது அவர் ஏன் என்னைப் பார்த்தார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குத்தான் கிடைத்தது.

சாமியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். “லால்குடிக்கு எழுதிடுறேன். போயிட்டு வாம்மா.”

அவள் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். “இன்னிக்கு ஸ்கூல் இல்லீங்க சாமி. இருந்து வாங்கி நானே தபால்ல போட்டுடுறேன்.”

அவர் எழுதினார். மடித்து உறையில் போட்டு ஒட்டப் போனவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நீட்டினார். “படிச்சுட்டு நீயே ஒட்டிக்க.”

படித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். “‘அமைதியான பெண்’னு போட்டிருக்கீங்களே.”

“நல்லதுதானம்மா எழுதியிருக்கேன்.”

“அதையும் அடிச்சிருங்க சாமி. நாளைக்கு அவங்க வந்து உங்களைத்தான் கேப்பாங்க.”

சாமியார் கேட்பதற்கு முன்பே உபதேசியார் பேனாவை எடுத்து நீட்டினார்.

அடித்த பிறகு கடிதத்தை அவள் முதலிலிருந்து இன்னொரு முறை படித்தாள். உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து, மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள். பிறகு, தெருமுனைத் தபால் பெட்டியை நோக்கி எனக்கு முன்னால் நடந்தாள்.