பங்களாப் பூனையின் நகம்

"வாங்க சின்னத்தொரை, கைய நீட்டுங்க" என்று பூனையை மடியில் இருத்துவாள் மீனம்மா. முன்பாதத்தை இரண்டு விரலால் மெல்ல அழுத்துவாள். உள்ளே ஒளிந்திருக்கும் நகம் வெளியே வரும். வெள்ளை நுனியை மட்டும் நறுக்குவாள். சிவப்பாகத் தெரியும் இடத்தில் கத்தரி படாது. நான் பிள்ளைப்பேறு பார்க்கப் பழக்கிய பெண்களில் இத்தனை நிதானமான கை குறைவு. வெட்டிய துணுக்குகளைக் காகிதத்தில் சுற்றி அடுப்பில் போடுவாள்.

இலங்கையில் தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தோட்ட அதிகாரியான துரையின் பங்களா ஆயா அவள். வயது நாற்பதிருக்கும். பாலின் சூட்டை முழங்கையில் விட்டுப் பார்ப்பாள். யாரையும் புகழ மாட்டாள். இருபது வருடம் மலையில் கொழுந்து பறித்து முழங்கால் வீங்கிய பிறகு கிடைத்த வேலை. தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளில் கிடைக்காத தனி அறையும் உண்டு.

1954 கடைசியில் பூனை துரையின் குழந்தையின் கன்னத்தைக் கீறியது. கொழும்பில் ஒரு மிருக வைத்தியர் முன்னங்கால் நகங்களை அடியோடு எடுத்துவிடுவார் என்றார் குழந்தையின் அம்மா துரைசாணி.

"நகத்த மட்டுந்தானே எடுப்பாங்க, நர்ஸம்மா?" என்று மீனம்மா என்னிடம் கேட்டாள்.

அவள் சுட்டுவிரலைப் பிடித்து நுனிக் கணுவைத் தொட்டுக் காட்டினேன். "இது வரைக்கும். எலும்போட."

குசினியில் சமையல்காரர் அழகன் சிரித்தார். "பங்களாவுல பாலு குடிக்கிற பூனைக்கு நகம் எதுக்கு?"

"ஒங்க நாக்குந்தான் நீளம், அண்ணே. அதையும் பூனையோட கூடையில வச்சு கொழும்புக்கு அனுப்பவா?"

அன்றே துரைசாணியிடம் போய் நின்றாள். "வாராவாரம் நானே வெட்டுறேங்க. புள்ளைக்கு இன்னொரு கீறல் பட்டுச்சுன்னா என்னைய மலைக்கு அனுப்பிருங்க." துரைசாணி சம்மதித்தார்.

நான்கு மாதம் ஒரு வாரமும் தவறவில்லை. ஐந்தாம் மாதம், குழந்தையின் மடியிலிருந்து பூனை பாய்ந்தபோது தொடையில் இரண்டு கோடுகள் விழுந்தன. பின்னங்கால் நகம். அதை வெட்ட அவளுக்குத் தோன்றவில்லை; சொல்ல எனக்கும் தோன்றவில்லை. காயத்தைக் கழுவிக்கொண்டே, கொழும்பு வைத்தியர் முன்னங்கால் நகங்களை எடுத்திருந்தாலும் இது நடந்திருக்கும் என்றேன். துரைசாணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாளைக்கே பூனை கொழும்புக்குப் போகும் என்றார். மீனம்மாவின் வேலையைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. அவளேதான் எடுத்தாள்.

"சொன்னது சொன்னதுதாங்க. நான் மலைக்கே போறேன். பூனைய எங்கிட்ட குடுத்துருங்க. லயத்துல எலி கெடக்கு."

 பூனையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி துரைசாணி வாசல்பக்கம் கையைக் காட்டினார்.

மீனம்மா ஏப்ரனை அவிழ்த்து, மடித்து, நாற்காலியில் வைத்தாள். பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். பங்களா நாய் குரைத்ததும் பூனை மிரண்டு, ரவிக்கையோடு சேர்த்து அவள் தோளில் நகங்களை ஊன்றியது. அவள் அதைப் பிரித்தெடுக்காமலே லயத்துப் பாதையில் நடந்தாள்.