சசிரேகா பார்க்கும் சுவர்

சசிரேகா முதலில் சுவரைத்தான் பார்ப்பார். மனிதர்களுக்கு வணக்கம் சொல்வதெல்லாம் அப்புறம்தான். விடிந்தும் விடியாமலும் முதல் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி, கொட்டாவி விட்டபடி நாங்கள் கம்பெனி கேட்டில் வரிசை கட்டும்போது, இவர் ஸ்கூட்டியை ஓரங்கட்டிவிட்டு செக்யூரிட்டி அறைச் சுவரோடு ஒட்டி நிற்பார். மூக்கு சுண்ணாம்பில் உரசும். கண்ணருகே பூதக்கண்ணாடி லென்ஸ். புதிதாகச் சேர்ந்தவர்கள், "அந்தம்மா சுவத்துல இன்னா படிக்குது?" என்று கேட்காமல் உள்ளே போனதில்லை.

அவர் தேடுவது ஓர் அந்துப்பூச்சியை. படப்பைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. பிறந்து வளர்ந்தது ஒரகடத்தை ஒட்டிய கிராமத்தில். போன வருடம் யாரையோ இறக்கிவிட வந்தவர், இந்தச் சுவரில் அதைப் பார்த்தார். அரிசி நீளம்கூட இருக்காது. சாம்பல் இறக்கை, குறுக்கே ஒரு செம்புக் கோடு, ஓரத்தில் குஞ்சம். உட்கார்ந்தால் தலையைக் கீழே வைத்து வாலைத் தூக்கிக்கொள்ளும். எனக்கும் காட்டினார். சுவரில் தூசி ஒட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன், என் கண் லட்சணம் அப்படி. இந்தத் துறை வல்லுநர்களுக்குப் படம் அனுப்பியதில், புது இனம் மாதிரிதான் தெரிகிறது, முழுமையாக விவரித்து எழுதுங்கள் என்று பதில் வந்திருந்தது.

முழுமையாக என்பதில்தான் சிக்கல். இதுவரை கிடைத்ததெல்லாம் ஆண். இந்த மாதிரிச் சின்னப் பூச்சிகளில் இறக்கையை மட்டும் வைத்து இனம் பிரிக்க முடியாதாம்; வயிற்றைத் திறந்து உள்ளுறுப்பைப் பார்க்க வேண்டுமாம். "சாவியை மட்டும் கையில வெச்சுக்கினு பூட்டு இப்படித்தான் இருக்கும்னு எழுத முடியுங்களா?" என்று என்னைக் கேட்டார். ஒரு பெண் பூச்சி வேண்டும், ஒன்றே ஒன்று. அதுவும் சீக்கிரம். புழுக்கள் வளர்வது கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் சூரை முட்புதர்களில்தான் என்பது அவர் கணிப்பு. அங்கேதான் புது ஷெட் வரப்போகிறது.

பேர் என்ன வைப்பீர்கள் என்று கேட்டால், முகம் மலர்ந்துவிடும். "ஒரகடம்னுதான். ஒரகடம்னா எல்லாரும் கம்பெனினு நெனைக்கிறாங்க. ஒரு உசுருக்கும் அந்தப் பேரு இருக்கட்டுமே."

அந்தச் சுவருக்காக அவர் போட்ட சண்டை எங்கள் கம்பெனியில் பிரசித்தம். மெயின்டனன்ஸ்காரர்கள் கேட்டில் எல்லா விளக்கையும் எல்இடியாக மாற்றினார்கள். எல்இடிக்குப் பூச்சி வராது என்று இவர் மேனேஜர் அறை வரைக்கும் போய் நின்றார். வெளியாள் ஒருத்தி வந்து விளக்குக்கு வழக்கு பேசுகிறாளே என்று அவர்களுக்கு எரிச்சல். இவர் விடவில்லையே! கடைசியில், அந்த ஒரு இடத்தில் மட்டும் பழைய டியூப்லைட்டைத் தன் செலவில் வாங்கி மாட்டிக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டார். ஸ்விட்சைக் காவல்காரர் யாக்கோபுவிடம் ஒப்படைத்து, "அண்ணா, விடியிற வரைக்கும் அணைக்கவே கூடாது" என்று கிட்டத்தட்ட சத்தியம் வாங்கினார்.

இன்னொரு வழக்கம் உண்டு. பூச்சியைக் கண்டால், மருந்தில் நனைத்த பஞ்சு போட்ட கண்ணாடிக் குப்பியை அதன்மேல் கவிழ்ப்பார். அதற்கு முன் செருப்பைக் கழற்றிவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "கொல்லத்தானங்க போறேன், செருப்புக் காலோட எப்படி?" என்றார்.

கார்த்திகையில் அவரைக் கல்லூரித் தேர்வுத்தாள் திருத்த வெளியூர் அனுப்பிவிட்டார்கள். அவர் இல்லாத நேரம் பார்த்து ஜேசிபி வந்தது. பின்பக்கம் புதர் சரியச் சரிய, அங்கிருந்த பூச்சியெல்லாம் அந்த ஒரு விளக்குக்கு வந்து அப்பின. யாக்கோபுவால் சும்மா இருக்க முடியவில்லை. மேடம் வந்தால் சந்தோஷப்படுவாரே என்று, ஒவ்வொரு நாளும் விடிந்ததும் பூந்துடைப்பத்தால் பதமாகத் தட்டி, தீபாவளிக்குக் கம்பெனி கொடுத்த மைசூர்பாகு பெட்டியில் போட்டு மூடி வைத்தார்.

சசிரேகா திரும்பி வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். "மேடம், உங்க பொம்பளைப் பூச்சி இதுல கண்டிப்பா கீது" என்று யாக்கோபு பெட்டியைப் பெருமையாக நீட்டினார். திறந்தால், இனிப்புத் தூளுக்கு வந்த எறும்பு, பூச்சிகளின் வயிற்றையெல்லாம் தின்று தீர்த்திருந்தது. மிச்சம் இறக்கைகள்தான். செம்புக் கோடு போட்டவையே ஒரு கைப்பிடி தேறும். எது ஆண், எது பெண், யார் சொல்வது? எனக்கு யாக்கோபு மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. சசிரேகா பெட்டியை மூடினார். "பரவால்லைண்ணா. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். யாக்கோபு அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அதன் பிறகு சுவர் காலியாகத்தான் இருந்தது. பின்பக்கம் செம்மண் மட்டும் பரந்து கிடந்தது. அப்படியும் தினம் வந்து லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கே பாவமாக இருந்தது. விட்டுத் தொலையுங்களேன் என்று ஒரு நாள் சொல்லியும் விட்டேன். "பேரு எழுதாம போயிட்டா, இப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே யாருக்கும் தெரியாதுங்க" என்றார்.

மார்கழியில் ஒரு நாள், பனி இறங்கிக்கொண்டிருந்தது. நான் வரிசையில் நிற்கும்போதே அவர் கையசைத்துக் கூப்பிட்டார். போனேன். சுவரில் தலைகீழாக ஒன்றே ஒன்று. லென்ஸை என்னிடம் கொடுத்தார். வயிறு புடைத்திருந்தது எனக்கே தெரிந்தது.

"பொண்ணுதாங்க" என்றார், மூச்சுவிடுகிற சத்தத்தில். "முட்டையோட இருக்குது. வைக்கத்தான் இடமில்ல."

குப்பி கையில் இருந்தது. வெகுநேரம் கவிழ்க்கவில்லை. எனக்குப் பின்னால் வரிசை உள்ளே போய்க்கொண்டிருந்தது. பிறகு செருப்பைக் கழற்றினார், குப்பியைக் கவிழ்த்தார். குஞ்சம் ஒரு தரம் விரிந்தது, அப்புறம் அசைவில்லை. மூடியைத் திருகிப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார்.

யாக்கோபுவுக்கு முகமெல்லாம் பல். "கொஞ்சம் நில்லு மேடம், இன்னும் விடியல. இன்னொண்ணு வந்தாலும் வரும்" என்றார்.

சசிரேகா வெறுங்காலோடு செக்யூரிட்டி அறைக்குள் போய், டியூப்லைட்டை அணைத்தார்.