பெரிசாத்தின் செல்லோ

திலேக்குக்கு எந்த வாத்தியமும் உருப்படியாக வராது. பியானோவில் மட்டும் கை கொஞ்சம் ஓடும். ஆனாலும் பிஷ்கெக்கில் எடுக்கிற படங்களில் பாதிக்கு அவன்தான் இசை. காற்று, காலடி, குதிரைக் குளம்பு என்று அதே படங்களுக்கு ஓசை சேர்த்து, கடைசியில் எல்லாவற்றையும் கலக்கிறவன் நான். அதனால் அவனை நன்றாகவே தெரியும்.

அவனுடைய ஆர்கெஸ்ட்ரா முழுவதும் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. எங்கோ வெளிநாட்டு மண்டபத்தில் தேர்ந்த கலைஞர்கள் ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக, உரக்க, இழுத்து, சுண்டி வாசித்துப் பதிந்து விற்கிற தொகுப்புகள். இவன் கட்டையை அழுத்தினால் வயலின் கூட்டமே எழும். அதை உயிருள்ளதாகக் காட்டுவதில்தான் அவன் கெட்டிக்காரன். எல்லா வயலினும் ஒரே நொடியில் தொடங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று ஒவ்வொன்றையும் மயிரிழை தள்ளி வைப்பான். ஹார்ன் ஊதுகிறவர்களைப் பின்வரிசைக்கு அனுப்பி, மண்டபத்தின் எதிரொலியில் தோய்ப்பான். நடுவில் எங்காவது ஒரு நாற்காலி கிரீச்சிடும்.

"கேக்கிறவனுக்கு ஆளுங்க உக்காந்திருக்கிறது கண்ணுல தெரியணும்" என்பான்.

அவன் மனைவி பெரிசாத் ஆபரா தியேட்டர் என்ற இசைநாடக அரங்கின் ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ என்கிற பெரிய வயலின் வாசிப்பவள். அவளோடு ஒரே தாளைப் பார்த்து, பக்கத்து நாற்காலியில் வாசிப்பவர் பெர்மெத். வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் பெர்மெத் எஜே, பெர்மெத் அக்கா. தியேட்டர் சம்பளம் யாருக்கும் போதாது. சினிமாப் பதிவு ஏதாவது வருமா என்று காத்திருப்பவர்கள்தான் அங்கே எல்லோரும்.

அப்படி ஒன்று வரவும் செய்தது. கணவாயில் பனிப்புயலில் சிக்கிய ஆட்டுக்காரக் குடும்பத்தைப் பற்றிப் படமெடுத்த மக்ஸத், "இந்தத் தடவ நிஜ ஆர்கெஸ்ட்ரா வச்சுக்கலாம்டா. தியேட்டர்காரங்களக் கூப்பிடு. காசு ஒதுக்கியாச்சு" என்றான்.

"எதுக்கு? என் பெட்டியிலயே பண்ணித் தரேன். அந்தக் காசுல மலைய மேலருந்து எடு."

மக்ஸத் ஹெலிகாப்டர் பிடித்தான். வீட்டுக்குப் போன திலேக் மனைவியிடம், "ஆர்கெஸ்ட்ராவுக்கு அவன்கிட்ட வசதியில்லயாம்" என்று சொல்லிவிட்டான்.

காரணம் சிக்கனம் இல்லை, பயம். இசைக் கல்லூரியில் படிக்கும்போது அவன் எழுதிய இசைத் துண்டு ஒன்றை மாணவர் ஆர்கெஸ்ட்ரா வாசித்துப் பார்த்தது. ஹார்ன்காரர்களுக்கு மூச்சுவிட இடமே வைக்காமல் எழுதியிருந்தான். முக்கால் தூரத்தில் அவர்கள் திணறி நிற்க, யாரோ ஒருவன் டயரில் காற்று இறங்குகிற மாதிரி வாயால் ஓசை எழுப்பினான். மொத்தக் கூட்டமும் சிரித்தது. அடுத்த பருவத்துக்கு இவன் கல்லூரிக்கே போகவில்லை. சிரித்தவர்களில் பாதிப் பேர் இப்போது தியேட்டரில் இருந்தார்கள். பெட்டிக்குள் இருந்தவர்களுக்கு மூச்சு வாங்காது, சிரிக்கவும் தெரியாது.

கணவாய்க் காட்சிக்கு ஒரு தனி செல்லோ வேண்டியிருந்தது. பெட்டியின் செல்லோ எவ்வளவு செதுக்கியும் செத்தே கிடந்தது.

"பெரிசாத், ஒரு தடவ வாசிச்சுத் தாயேன். சும்மா மக்ஸத்துக்கு மாதிரி காட்டத்தான்."

சுவரெல்லாம் மெத்தை விரிப்புகளைத் தொங்கவிட்டு, அடுப்பில் சூப் கொதிக்க, அவள் வாசித்தாள். "இந்த எடத்துல அழுத்தவா, விட்டுடவா?" என்று கேட்டுக் கேட்டு வாசித்தாள். அந்த ஒரு நிஜ வில்லை அவன் பெட்டியின் செல்லோக்களுக்கு மேலே படர வைத்ததும் அடியிலிருந்த அத்தனையும் உயிர் பெற்றது. கலவை அறையில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"யாருப்பா வாசிச்சது?"

"பெட்டிதான்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

முதல் காட்சிக்குப் பெரிசாத் தியேட்டர் தோழிகளை அழைத்து வந்திருந்தாள். கணவாய்க் காட்சியில் செல்லோ எழுந்ததும் பெர்மெத் எஜே அவள் பக்கம் திரும்பினார். "இது நீதானே?"

பெரிசாத்துக்கும் தன் வில் தெரிந்துவிட்டது. மாதிரிக்கென்று வாசித்தது படத்திலேயே இருந்தது.

படம் முடிந்து வெளிக்கூடத்தில் பூர்சோக் பலகாரமும் கோன்யாக் மதுவும் பரிமாறினார்கள். மக்ஸத் கிளாஸைத் தூக்கினான். "ஆர்கெஸ்ட்ரா வேணும்னு காசோட நின்னவன் நான். வேணாம்னது இதோ இவன்! யாராச்சும் வித்தியாசம் கண்டுபிடிச்சீங்களா?"

எல்லோரும் கைதட்டினார்கள். பெர்மெத் எஜே கிளாஸைக் கீழே வைத்தார்.

"அப்போ நாங்க வேணாம், நீ மட்டும் போதும். சொல்லியிருந்தா வாழ்த்திட்டுப் போயிருப்பேனே கண்ணு" என்றார் பெரிசாத்திடம்.

பெரிசாத் கணவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் போதும். வாயில் பாதிப் பூர்சோக்கோடு நின்றவன், என் பக்கம் திரும்பி, "சத்தம் நல்லா வந்திருக்குல்ல?" என்றான். எனக்கே அவன் பக்கத்தில் நிற்கக் கூசியது.

வீட்டில் நடந்ததைப் பிற்பாடு அவனே சொன்னான். அவள் கத்தவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டாள். டயர் கதையைச் சொன்னான்.

"நானுந்தான் அன்னிக்குச் சிரிச்சேன். மறுநாளே மறந்துட்டேன். எல்லாருமே மறந்தாச்சு. அதுக்கா எங்க அத்தன பேரையும் வெளிய நிறுத்தின? என் வில்ல வச்சே என் ஆளுங்களத் தொரத்தியிருக்க."

ஆபரா தியேட்டரில் பெர்மெத் எஜே வேறு நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார். தனக்கு எதுவும் தெரியாது என்று பெரிசாத் சொன்னால் புருஷனைக் காட்டிக் கொடுக்கவேண்டும். பெரிசாத் வாயைத் திறக்காமல் பழியைச் சுமந்தாள். அது தெரிந்த அன்று திலேக் ஒத்திகை இடைவேளையில் அவர்கள் முன்னால் போய் நின்றான். தைரியத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

"பெரிசாத்துக்கு ஒண்ணும் தெரியாது. மாதிரிக்குன்னு பொய் சொல்லி வாங்கினேன். உங்கள வேணாம்னது நான். நீங்க சிரிப்பீங்கன்னு..." காதெல்லாம் சிவந்து, வார்த்தை முன்பின்னாக வந்தது.

"எதுக்குச் சிரிக்கணும்?" என்றார் ஒரு ஹார்ன்காரர், நிஜமாகவே புரியாமல். அன்று டயர் ஓசை எழுப்பியவர் அவர்தான். அந்தப் பழைய கதையை அவரிடமே சொல்லவேண்டியதாயிற்று. அவருக்கு ஞாபகம் வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பைத் தாங்கிக்கொள்ளத் தயாராக வந்தவனுக்கு இதைத் தாங்கத் தெரியவில்லை.

பெர்மெத் எஜே கேட்டார்: "அவகிட்ட மன்னிப்புக் கேட்டியா?"

"கேட்டேன் எஜே."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

"நாங்களும் அதான் சொல்றோம். போய்ட்டு வா."

அவர் எழுந்து பழைய இடத்தில், பெரிசாத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர்கள் சுருதி சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

படம் வெளியூர் விழாக்களுக்குப் போகும் முன் பெயர்ப் பட்டியலில் அவள் பெயரைச் சேர்க்கட்டுமா என்று திலேக் கேட்டிருக்கிறான். "பேரு வேணாம். அந்தச் சத்தத்தையும் எடுத்துடு" என்றாளாம். எடுத்தோம். கலவையைத் திரும்பச் செய்தவன் நான். கணவாய்க் காட்சியில் பெட்டியின் செல்லோ மட்டும் வழவழவென்று போயிற்று. மக்ஸத் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றான். திலேக் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விட்டான்.

அடுத்த படத்துக்கு ஆர்கெஸ்ட்ரா வைக்கலாம் என்று இவனே மக்ஸத்திடம் கெஞ்சினான். அதற்குத் தரக் காசில்லை என்று தயாரிப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள். மறுபடி பெட்டியோடுதான் உட்கார்ந்திருக்கிறான். பெரிசாத் அவனோடுதான் இருக்கிறாள், சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள். வீட்டில் பயிற்சி செய்யும்போது மட்டும் அவள் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இவனும் தட்டுவதில்லை.