தண்ணி குடிக்கிற மாதிரி

தொடக்கப் பள்ளிக்கூடத்து வாத்தியார்னா பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறவர்னு நெனச்சுத்தான் நானும் இந்த வேலைக்கு வந்தேன்; வந்த பொறவுதான் தெரிஞ்சுது, இது பெத்தவங்ககிட்ட பாடம் கேட்டுக்கிற வேலைன்னு. சாக்பீஸ் தூளை மூக்குல இழுத்துக்கிட்டே வயசாகிப்போன என் சக பாவிகளுக்கு இதை வெளக்க வேண்டியதில்லை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டுங்க. யார் பேசுனாலும் அடுத்த நிமிஷம் அவங்க மாதிரியே பேசிக் காட்டுவேன். ஆய்வுக்கு வர்ற அதிகாரி கனைக்கிறது, எங்க தலைமையாசிரியை, அதாவது பெரிய டீச்சர், "சார்ர்ர்"னு இழுக்குறது, எல்லாம் வரும். பிள்ளைங்களுக்கு அதனாலதான் என்னைப் பிடிக்கும். பெத்தவங்களையும் விடுறதில்லை. ஆனா கீழ சொல்ற ஆளுங்களை மட்டும் பேசிக் காட்டுறப்ப, சிரிப்பு வர வேண்டிய எடத்துல நானே பாதியில நிறுத்திர்றேன்.

வேன் வந்த நேரம்

பாபநாசத்துலேருந்து கும்பகோணம் போற ரோட்டை விட்டு உள்ள தள்ளி இருக்கு எங்க பள்ளிக்கூடம். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறந்த பொறவும் பிள்ளை சேக்க வீடு வீடாப் போகணும். அப்படிப் போனப்ப, விவசாயி சேகர் அண்ணன் குறுவை நெல்லுக்கு நாத்தங்கால்ல வெதை தெளிச்சுட்டு அப்பதான் வாய்க்கால்ல கால் கழுவிட்டு வந்தாரு. அவரோட சின்னப் பையனை ஒண்ணாம் வகுப்புல சேக்கணும். நானும் நோட்டீசை நீட்டிக்கிட்டு, "காலையில டிபன் போடுறோம்ணே, ஷூ குடுக்குறோம், பெரிய டிவியில பாடம் காட்டுறோம், தனியார் பள்ளிக்கூடத்துல என்ன இருக்கு, நம்மகிட்ட என்ன இல்லை"ன்னு ஏத்த இறக்கமா பேசுனேன். அண்ணன் மயங்குற மாதிரிதான் இருந்தாரு.

அப்பப் பாத்து ஹாரன். அவரோட மூத்த பொண்ணை ஏத்திக்க கும்பகோணத்துத் தனியார் பள்ளிக்கூட வேன் வாசல்ல நின்னுச்சு. ஜன்னல்லேருந்து ஒரு சின்னக் கை ஆடுது. "அப்பா! இங்க என்ன பண்றீங்க?" எம் பொண்ணுதாங்க. ஒரு தடவை ஆண்டு விழாவுக்கு வந்த எம் பொண்டாட்டி, பிள்ளைங்க கக்கூஸை எட்டிப் பாத்துட்டு மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பி வந்தா. கதவுல தாப்பா இல்லை, உள்ள பைப்பு இல்லை, காலையில கழுவி விட்டா பத்து மணிக்குள்ள பழையபடி ஆயிரும். "எம் புள்ளை இதுக்குள்ள போவாது"ன்னுட்டா. அன்னிக்கு நானும் தலையாட்டுனேன். இப்ப சேகர் அண்ணன் வேனைப் பாத்தாரு, எம் பொண்ணைப் பாத்தாரு, என் கையில இருந்த நோட்டீசைப் பாத்தாரு. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு:

"வெயில் ஏறிக்கிட்டிருக்கு வாத்தியாரே, நீங்களும் ஏறிக்கங்க, எடம் இருக்கு."

ஒரு கொறையும் இல்லை

சேகர் அண்ணனுக்கு நேர்மாறு செல்வி. நடவு வேலைக்குப் போறவங்க. பொண்ணு எங்ககிட்ட நாலாவது படிக்குது. பெத்தவங்க கூட்டத்துல பெரிய டீச்சர், "கொறை இருந்தா பயப்படாம சொல்லுங்க"ன்னாங்க. செல்வி கெண்டக்கால்ல சேறு காயாம எந்திரிச்சாங்க. "எனக்கு இந்தப் பள்ளிக்கூடம் கோயிலுங்க. விடியறதுக்கு முன்ன வயலுக்குப் போயிருவேன். முன்னெல்லாம் புள்ளை சாப்பிட்டுச்சா இல்லையான்னு நாத்து முடியைப் பிரிக்கிறப்பல்லாம் மனசு அடிச்சுக்கும். இப்ப சுடச்சுடப் பொங்கல் போட்டுர்றாங்க. நான் நிம்மதியா குனிஞ்சு நடுறேன்"னாங்க. பெரிய டீச்சருக்குக் கண்ணே கலங்கிருச்சு. எல்லாரும் கை தட்டுனோம்.

மறுநாள் வாத்தியாருங்க நாங்கல்லாம் சாப்பிட உக்காந்தப்ப நான் செல்வியா மாறி அந்தப் பேச்சை அப்படியே பேசிக் காட்டுனேன். அந்த இடுப்புல சொருகுன முந்தானை, அந்த கும்புடு, எல்லாம். சிரிச்சாங்க, பாராட்டுனாங்க. ஒரே ஒரு வரியை மட்டும் நானே விட்டுட்டேன். கை தட்டுன சத்தத்துல யாரும் காதுல வாங்காத வரி அது. உக்காரப் போறப்ப செல்வி சிரிச்சுக்கிட்டே, கொறையா இல்லை, பெருமையாத்தான் சொன்னாங்க:

"எம் பொண்ணு ஒண்ணுக்கு வந்தா மட்டும் வீட்டுக்கு ஓடியாந்துட்டுப் போயிரும், பக்கத்துலதான வீடு, அதுக்குக் கூட உங்களுக்கு ஒரு தொந்தரவு கிடையாதுங்க சார்."

வாட்டர் பெல்

வீடு பக்கத்துல இல்லாத பிள்ளை என்ன செய்யும்? இந்தக் கேள்வி எனக்கு அன்னிக்கே வந்திருக்கணும். வரலை.

இப்பல்லாம் பள்ளிக்கூடத்துல தண்ணி குடிக்கன்னே தனியா மணி அடிக்கிறோம். மணி அடிச்சா எல்லாப் பிள்ளையும் பாட்டிலைத் தூக்கணும். மூணாம் வகுப்புல நஸ்ரின்னு ஒரு பொண்ணு. ராஜகிரி பக்கத்துலேருந்து ஷேர் ஆட்டோவுல வருது. மணிச் சத்தம் அடங்குறதுக்குள்ள பாட்டிலைத் தூக்கிரும். "நஸ்ரினைப் பாத்துக் கத்துக்கங்கடா"ன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்.

ஒரு நாள் சாயங்காலம் அதோட அம்மா பரீதா, பொண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. பிள்ளைக்கு நீர்க்கடுப்பு, ராத்திரியெல்லாம் அழுகை, கும்பகோணத்துல டாக்டர்கிட்ட காட்டுனா, "தண்ணியே குடிக்கிறதில்லையா?"ன்னு கேட்டுருக்காரு. நான் விடுவேனா? "என் கண்ணால பாக்குறேன்மா, வகுப்புலயே அதுதான் மொதல்ல குடிக்குது"ன்னேன். பரீதா பையிலேருந்து பாட்டிலை எடுத்து மேசை மேல வச்சாங்க. காலையில ரொப்புன தண்ணி, கழுத்து வரைக்கும் அப்படியே நின்னுச்சு. "எங்க, நான் பாக்க குடி"ன்னேன். நஸ்ரின் பாட்டிலைத் தூக்குச்சு, சாய்ச்சுச்சு, தொண்டை ஏறி ஏறி எறங்குச்சு, பொறங்கையால வாயைத் தொடச்சுக்கிட்டு "ஆ"ன்னுச்சு. பாட்டிலைப் பாத்தேன். ஒரு சொட்டு கொறையலை. ஊரையே நடிச்சுக் காட்டுற என்னை இந்தப் பொடிசு மாசக்கணக்கா ஏமாத்தியிருக்கு. "ஏம்மா இப்படி?"ன்னு கேட்டேன். பரீதாதான் பதில் சொன்னாங்க:

"குடிச்சா போவணும்ல சார்."

குவைத்துலேருந்து ஆய்வு

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நஸ்ரினோட அத்தா வீடியோ கால்ல வந்தாரு. குவைத்துல வீட்டு டிரைவர். வீட்டுல எல்லாரும் டிசி வாங்கி வேன் பள்ளிக்கூடத்துல போடச் சொல்றாங்களாம். "எனக்கு மனசு இல்லை சார். எம் மவ போன்ல பேசுறப்பல்லாம் உங்களைத்தான் பேசிக் காட்டுது. உங்க இருமல் வரைக்கும் வருது. அதை அங்கேருந்து பிரிக்கணுமான்னு இருக்கு. ஆனா உடம்பு முக்கியம்ல? பாத்ரூமை ஒரு தடவை காட்டுங்க, பாத்துட்டு முடிவு பண்றேன்"னாரு.

இத்தனை வருஷத்துல எத்தனையோ ஆய்வு பாத்தவன் நான். யாரும் இதைக் கேட்டதில்லை. போனைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். இடது பக்கம் போனா பிள்ளைங்களோடது. என் கால் வலது பக்கம் திரும்புச்சு. அங்க இருக்கறது எங்களோடது. சாவி எப்பவும் பெரிய டீச்சர் கைப்பையில இருக்கும். வாங்கிட்டு வந்து தொறந்தேன். டைல்ஸைக் காட்டுனேன், பைப்பைத் தொறந்து தண்ணி கொட்டுறதைக் காட்டுனேன், தாப்பாளைப் போட்டுப் போட்டு எடுத்துக் காட்டுனேன். வெளம்பரத்துல வர்ற குரல் இருக்கே, அந்தக் குரல்லயே பேசுனேன். அவரு எல்லாத்தையும் கடைசி வரைக்கும் பாத்தாரு. அப்புறம் கோவமே இல்லாம கேட்டாரு:

"நல்லா இருக்கு சார், இப்பத் தொறந்தீங்கள்ல ஒரு பூட்டு, அந்தச் சாவி எம் மவகிட்டயும் ஒண்ணு குடுப்பீங்களா?"

ஆணி

"காலாண்டு லீவு வரைக்கும் பாக்குறேன்"னு சொல்லிட்டு அவரு போனை வச்சாரு.

சாவியைத் திருப்பிக் குடுக்கப் போனவன், நடந்ததைப் பெரிய டீச்சர்கிட்ட சொன்னேன். பிள்ளைங்களோடதுக்குப் பைப்பு போடச் சொல்லி எத்தனையோ தடவை எழுதிப் போட்டாச்சு, அது வர்றப்ப வரட்டும், அது வரைக்கும் நம்மளதைத் தொறந்து விடுவோம்னேன். அவங்க கெட்டவங்க இல்லைங்க. அவங்களுக்குச் சக்கரை, அடிக்கடி போகணும். பாவம், பதறிட்டாங்க. "சார்ர்ர், புள்ளைங்களை விட்டுட்டா நாம எங்க சார் போறது?"

நான் யோசிச்செல்லாம் செய்யலை. வாய் பழக்கம். அதே கேள்வியை நஸ்ரின் குரல்ல திருப்பிப் போட்டேன். "டீச்சர்ர்ர், நாங்க எங்க டீச்சர் போறது?" வழக்கம் போல அவங்க சிரிக்க ஆரம்பிச்சாங்க. பாதியில நின்னு போச்சு. சாவியை என்கிட்டேருந்து வாங்கி, கைப்பையில போடாம, மணி தொங்குற எடத்துக்குப் பக்கத்து ஆணியில, பிள்ளைங்க கைக்கு எட்டுற ஒசரத்துல மாட்டிட்டு வந்தாங்க.

திங்கக்கிழமை வாட்டர் பெல் அடிச்சுது. நஸ்ரின் பாட்டிலைத் தூக்குச்சு. நான் தொண்டையைப் பாக்கலை, தண்ணியைப் பாத்தேன். எறங்குச்சு. கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு, ஆணியைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு, சாவியை எடுத்துக்கிட்டு ஓடுச்சு. திரும்பி வர்றப்ப மூஞ்செல்லாம் ஈரம், கழுவிக்கிட்டு வந்திருக்கு. காலாண்டு லீவும் முடிஞ்சுருச்சு, டிசி கேட்டு இன்னும் யாரும் வரலை. ஆனா அந்தத் திங்கக்கிழமை வகுப்பே திரும்பிப் பாக்கற மாதிரி அது கத்துனது, என்னால இன்னிக்கும் பேசிக் காட்ட முடியலை:

"சார், உங்க பாத்ரூம்ல கண்ணாடி கூட இருக்கு சார்!"

இந்த ஊர்ல உள்ள அத்தனை பேர் குரலையும் எடுக்கத் தெரிஞ்ச எனக்கு, எம் பொண்டாட்டி கக்கூஸைப் பாத்துட்டு எப்பவோ சொன்னதைப் பள்ளிக்கூடத்துல வாயைத் தொறந்து சொல்ல குவைத்துலேருந்து ஒரு மனுஷன் போன் போட வேண்டியிருந்துச்சு, அப்பவும் பாருங்க, சொந்தக் குரல் எடுபடலை.