வில்லியம்ஸ்டவுனுக்கு விசாரிக்கப் போன கதை

சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு மெல்பேர்ண் புறநகரான டார்னெய்ட்டிலிருந்து புறப்பட்டோம். வில்லியம்ஸ்டவுன் பழைய துறைமுகம் அங்கிருந்து இருபத்தைந்து கிலோமீற்றர் வரும். காரை ஓட்டியவர் யோகன். இலங்கையிலிருந்து படகில் வந்து, இன்னும் தற்காலிக விசாவில் இருப்பவர். சிட்னிக்காரனான எனக்குத் துறைமுகம் பார்க்கும் ஆசை இருந்தது உண்மைதான். ஆனால் என்னை அந்தக் காரில் ஏற்றிவிட்டவர் என் அத்தான். அவருடைய மகனும் யோகனின் மகளும் விரும்புகிறார்கள். சாதகமும் பொருந்திவிட்டது. "ஆக்கள் எவடமெண்டு மட்டும் நைசாக் கேட்டுப் பார்," என்றார் அத்தான். பெரிய மனுசன் மாதிரித் தலையாட்டினேன்.

பெருந்தெருவில் ஏறியதும், "ஊரில எவடம்?" என்றேன். ஊரின் பெயரைச் சொன்னார்.

"அதில எவடம்? எந்தக் கோயிலடி?"

நாங்கள் சாதியை இப்படித்தான் கேட்போம். அந்தச் சொல் மட்டும் வாயில் வராது. யோகன் வைப்பரைப் போட்டார். மழை பெய்யவில்லை.

பத்து மணிக்குத் துறைமுகம். கோப்பி ஐந்தரை டொலர். நான் மறுக்க மறுக்க அவரே வாங்கித் தந்தார். சங்கடத்தில் நான் கப்பல் கதையை எடுத்துவிட்டேன். அமெரிக்காவில் புது மாநிலங்களில் அடிமைகளை வைத்திருக்கலாமா என்று வடக்கும் தெற்கும் பாராளுமன்றத்தில் ஆண்டுக்கணக்காக இழுபறிப்பட்டு, கடைசியில் போரில் இறங்கின. அடிமைகளை விடமாட்டோம் என்ற தெற்கின் போர்க்கப்பல் ஒன்று 1865இல் பழுதுபார்க்க இங்கேதான் வந்தது. மெல்பேர்ண் அதன் அதிகாரிகளுக்கு விருந்து வைத்தது. கப்பலைப் பார்க்கச் சனம் திரண்டது.

"அவங்கள் ஆரெண்டு இஞ்சத்தச் சனத்துக்குத் தெரியாதோ?" என்றார் யோகன்.

"தெரியும். தெரிஞ்சுதான் செய்தவை."

அவர் கடலைப் பார்த்தபடி நின்றார்.

"நீங்கள் கேட்ட கோயில், அண்ணை. அப்பா வெளிவீதியில நிண்டுதான் கும்பிட்டவர். கதவை எங்களுக்கும் திறவுங்கோ எண்டு கேட்கப் போய் அடி வாங்கினவர். பிறகு நாட்டில யுத்தம் வந்திட்டுது. எல்லாரும் ஒண்டா ஓடினம், குண்டு விழேக்க ஒரே பங்கர்க் குழிக்குள்ள படுத்தம். உது அதோட முடிஞ்சுதெண்டு நினைச்சன்."

கடதாசிக் கோப்பிக் குவளையை மெல்ல நசுக்கினார். "பிள்ளைக்கு இதொண்டும் தெரியாது. இஞ்ச வளந்தவள்."

எனக்கு வெட்கமாக இருந்தது. திரும்பும் வழியெல்லாம் அவர் வீட்டுக் கடன்வட்டி, தக்காளி விலை என்று ஏதேதோ கதைத்தார். என் சங்கடத்தைப் போக்கத்தான்.

பன்னிரண்டரைக்கு அத்தான் வாசலிலேயே நின்றார். "எவடமாம்?"

"அருமையான மனுசன், அத்தான்."

"அது தெரியும். எவடம்?"

கேட்க மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். நான் சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, சிட்னியில் வேலைக்குப் போக ரயிலுக்கு நின்றபோது யோகனின் செய்தி வந்தது. "அண்ணை, சாதகம் பொருந்தேல்லையாம். நீங்கள் சுகமாப் போய்ச் சேந்தனீங்களோ?"