வீரம்மா ஆட்டிய தூளி

இது நடந்தது. கட்டுக்கதை என்று வாய் நீட்டுபவர்கள் ஈப்போவுக்குப் போய்ப் பிரமிளாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆயர் தாவார் பக்கம் பழைய ரப்பர் தோட்டம் ஒன்று, இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. முனியாண்டிக்குப் படையல் போடப் பிரமிளா தன் ஐந்து மாத மகனோடு அங்கே போனாள். புருஷனுக்கு வேலை. மாமனார் மாயாண்டிதான் காரோட்டினார்.

கோயிலுக்குப் பின்னால் ஆயாக் கொட்டகை இடிந்து கிடந்தது. அந்தக் காலத்தில் ரப்பர்ப் பாலுக்கு மரம் சீவப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம். மாயாண்டியின் செத்துப்போன அம்மா வீரம்மாதான் அங்கே ஆயா. "முப்பது பிள்ளைங்களை எங்கம்மா ஒத்த ஆளா பாத்துக்கிச்சு, தெரியுமா!" என்று மனிதர் வழியெல்லாம் அளந்துகொண்டே வந்தார்.

பிள்ளை வீறிட்டது. கூரை போயும் நின்றிருந்த உத்திரத்தில் சாரோங் துணியைத் தூளியாகக் கட்டிப் படுக்கவைத்துவிட்டுப் பிரமிளா படையலுக்கு வந்தாள். மாயாண்டி அம்மாவுக்கும் ஓர் இலையில் சோறு வைத்தபடி சிரித்தார்.

"அம்மா, சாப்பிட வா! அப்பிடியே உன் கொள்ளுப்பேரனையும் பாத்துக்கோ லா!"

மணி 11.20.

அழுகை நின்றது. பட்டென்று.

11.25. கிரீச்... கிரீச்... தூளி ஆடியது. காற்றே இல்லை. ஓர் ஓலைகூட அசையவில்லை.

"மாமா, நீங்களா ஆட்டுறீங்க?"

"நான் இங்கதான இருக்கேன்."

கிரீச்...

நின்றது.

ஓடினாள். பிள்ளையின் உதடு நீலம். வாயோரம் கறுப்பாய்ப் பிசின். உலுக்கினாள். கிள்ளினாள்...

அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். சோதித்த டாக்டர் ஒன்றுதான் கேட்டார். "பிள்ளைக்கு அபின் கொடுத்தது யாரு?"

"நான் குடுக்கல! மாமா, நீங்களாவது சொல்லுங்க!"

பாவி மனுஷன், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாய்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று பிள்ளையை நலத்துறைக்காரர்கள் குழந்தைகள் இல்லத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்றுவரை திருப்பித் தரவில்லை.

பதினோரு நாள் கழித்துத்தான் மாயாண்டி வாய் திறந்தார்.

"அழுத பிள்ளைங்க தூங்க அம்மா நகத்துல அபினை ஒட்டிச் சப்பக் குடுக்கும். நாலு பிள்ளைங்க எந்திரிக்கவே இல்ல. அதுல ஒன்னு என் தங்கச்சி. கொட்டகைக்குள்ளயே பொதைச்சிட்டு, மறுநாள் அது மேலயே தூளி கட்டிச்சு."



"அன்னிக்கே ஏன் மாமா சொல்லல?"

"பெத்த தாய் பேரைக் கெடுக்கச் சொல்றியா?"